கடைசிப் பத்து சதவீதத்தின் சூடு

2001-ஆம் ஆண்டு டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணைய இதழ் கொஞ்சம் குரூரமான ஒரு சோதனையைப் படம்பிடித்து வெளியிட்டது. கணினியில் குவேக் 3 விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிராசசர்மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க்கைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான் சில நொடிகளில் புகைந்து கருகியது. இன்டெலின் பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்துக்கொண்டது. பென்டியம் 4 விளையாட்டை நிறுத்தவே இல்லை. திரையில் காட்சி நொண்டியடித்தது, ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. சூட்டை அளக்கும் உணரியும், எல்லை தாண்டினால் வேகத்தைக் குறைக்கும் சுற்றும் அதற்குள்ளேயே இருந்தன. இன்று விற்பனையாகும் லேப்டாப் பிராசசர்கள் எல்லாமே, ஏஎம்டியுடையவையும் சேர்த்து, இந்த விஷயத்தில் பென்டியம் 4-இன் வாரிசுகள். ஆனால் கேம் ஆடும்போது திரையோரத்தில் 95 டிகிரி என்று பார்த்ததும் வரும் பயம் இன்னும் அத்லான் காலத்துப் பயமாகவே இருக்கிறது. அந்த எண்ணை எப்படியாவது இறக்குவதுதான் வைத்தியம் என்று நினைத்து கூலிங் பேடுக்கும் விலையுயர்ந்த தெர்மல் பேஸ்டுக்கும் பணம் போகிறது. வெப்பநிலை என்ற எண் நமக்குச் சொல்வது மிகக் குறைவு. அந்தச் சூட்டில் பிராசசர் எத்தனை வாட்டை விழுங்குகிறது, அதில் எவ்வளவு உண்மையில் ஆட்டத்துக்குப் பயன்படுகிறது என்று பார்த்தால், வைத்தியத்தை வெப்பம் வெளியேறும் பக்கத்தில் தொடங்குவதைவிட மின்சாரம் உள்ளே நுழையும் பக்கத்தில் தொடங்குவதே லாபம் என்பது தெரியும்.

பிராசசருக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதுமாக வெப்பமாகவே வெளியே வருகிறது. எதிரியைச் சுட்டது, கார் வளைவில் சறுக்கியது எதுவும் ஆற்றல் கணக்கில் வரவாகாது. 60 வாட் உள்ளே போனால் 60 வாட் வெப்பம், அவ்வளவுதான். டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலைமாறும்போதும் கண்ணுக்கெட்டாத சிறு மின்தேக்கிகள் நிரம்பி வடிகின்றன. அதற்கு ஆகும் திறன், எத்தனை மின்தேக்கிகள் என்பதையும் நொடிக்கு எத்தனை முறை என்பதையும் நேர்விகிதத்தில் பொறுத்தது. வோல்டேஜை மட்டும் வர்க்க விகிதத்தில் பொறுத்தது. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. இந்த வர்க்கம்தான் கதையின் வில்லன். 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும், டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் சுருக்கினால் ஒரு சதுர மில்லிமீட்டரில் தோன்றும் வெப்பம் கூடாது என்று காட்டினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகள் சில்லுத் தொழில் இந்தச் சலுகையில் வாழ்ந்தது. பிறகு வோல்டேஜ் இறங்க மறுத்தது. ஓரளவுக்குக் கீழே போனால், அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்கள் வழியாகவும் மின்சாரம் கசியத் தொடங்கிவிடும். 2001-இல் இன்டெலின் பாட் கெல்சிங்கர் ஒரு பொறியாளர் மாநாட்டில், போகிற போக்கில் போனால் சில்லின் வெப்ப அடர்த்தி அணு உலையையும் ராக்கெட் முனையையும் எட்டிவிடும் என்று எச்சரித்தார். 2004-இல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4 நூறு வாட்டைத் தாண்டியும் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்ட முடியவில்லை. அதற்கடுத்த தேஜாஸ் பிறக்காமலே அதே ஆண்டு மே மாதம் கைவிடப்பட்டது.

அன்று மூடிய கதவை இன்றைய பிராசசர்கள் சன்னல் வழியாகத் தாண்டுகின்றன. 2008-இல் இன்டெல் நெஹலெம் வரிசையில் கொண்டுவந்த டர்போ பூஸ்ட் ஏற்பாடு இப்போது எல்லோருக்கும் பொது. சில்லு குளிர்ச்சியாக இருக்கும் வரை, மின்சாரம் கிடைக்கும் வரை, அறிவித்த அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடலாம் என்பது அதன் சாரம். கேமிங் லேப்டாப்களில் பரவலாக இருந்த கோர் ஐ7-12700எச் சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய கோர்களின் அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 4.7. அடிப்படைத் திறன் 45 வாட், உச்சத் திறன் 115 வாட். விளம்பரத்தில் எப்போதும் வருவது 4.7. அதோடு வரும் 115-ஐத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்த வெப்பம் பிறக்கும் இடமோ சுமார் இரண்டு சதுர சென்டிமீட்டர் சிலிக்கான். 750 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடித்தட்டு ஏறக்குறைய இருநூறு சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு நான்கு வாட் கூட வராது. உச்சத்தில் ஓடும் பிராசசரில் அது ஐம்பதுக்கும் மேல். இஸ்திரிப்பெட்டிக்குச் சூடாவதுதான் வேலை. பிராசசர் அந்த அடர்த்தியோடு நூறு டிகிரிக்குள் நின்றாக வேண்டும்.

சில்லின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு, வாட்டையும் வெப்பம் வெளியேறும் பாதையின் தடையையும் பெருக்கிக் கூட்டினால் வருவது. பழைய பிராசசர்களில் வாட் ஏறக்குறைய நிலையாக இருந்தது. குளிர்விப்பு நன்றாக இருந்தால் வெப்பநிலை இறங்கும். இப்போதைய பிராசசரில் வெப்பநிலைதான் நிலையாக நிற்கிறது, வாட் மாறுகிறது. எல்லைக்கு எவ்வளவு இடம் இருக்கிறதென்று பார்த்து, அது நிரம்பும் வரை சில்லு வேகத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. ஆகவே வேலை கடுமையாக இருந்தால், ஒழுங்காகக் குளிர்விக்கப்பட்ட லேப்டாப்பும் 95 காட்டும், தூசி அடைத்த லேப்டாப்பும் 95 காட்டும். முன்னது 80 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், பின்னது 40 வாட்டில் திணறிக்கொண்டிருக்கும். ஏஎம்டி 2022-இல் மேசைக் கணினிகளுக்கான ரைசன் 7000 வரிசையை வெளியிட்டபோது, முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொடுவது வடிவமைப்பிலேயே உள்ளது, கோளாறல்ல என்று வெளிப்படையாகவே சொன்னது. 2018-இல் ஆப்பிளின் மேக்புக் புரோ ஐ9 மாடல் இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வீடியோ வேலையில் அது அடிப்படை வேகத்துக்கும் கீழே சரிந்தது. யூடியூப் விமர்சகர் ஒருவர் அதை ஃபிரீஸருக்குள் வைத்து ஓட்டியபோது வேலை சீக்கிரம் முடிந்தது. உள்ளே இருந்த சில்லு ஒன்றுதான், வெப்பம் வெளியேறும் வழி மட்டுமே வேறு. வெப்பக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு பகுதி விடுபட்டுப்போனதாக ஆப்பிள் ஒப்புக்கொண்டு, சில நாட்களிலேயே திருத்தம் வெளியிட்டது.

வெளியேறும் பாதையை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. சிலிக்கானுக்கு மேல் தெர்மல் பேஸ்ட், அதற்கு மேல் செம்புத் தகடு, அதிலிருந்து தட்டையான ஹீட் பைப்கள், அவற்றின் நுனியில் மெல்லிய தகடுகள், ஃபேன். ஹீட் பைப் அழகான கருவி. 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காற்றை நீக்கி மூடிய செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர். அழுத்தம் குறைவாக இருப்பதால் அது நூறு டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகி, மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து நீராகி, உள்சுவரின் நுண்துளைகள் வழியாகத் திரும்பி வருகிறது. நகரும் பாகம் எதுவும் கிடையாது. இந்தச் சங்கிலியில் நலிவடைவது பேஸ்ட்டும் தகடுகளும்தான். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனைச் சுமார் 400 என்று வைத்தால், நல்ல பேஸ்ட் பத்தைச் சுற்றி நிற்கும், காற்று 0.026. சூடாகிச் சூடாகி ஆறும்போது சிலிக்கானும் செம்பும் வெவ்வேறு அளவில் விரிவதால் பேஸ்ட் மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. நடுவில் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்பதை அந்த எண்களே சொல்கின்றன. இரண்டு மூன்று ஆண்டு ஓடிய லேப்டாப்பில் தூசியைத் தட்டிப் பேஸ்ட்டை மாற்றுவது கட்டாயம் பலன் தரும். ஆனால் அந்தப் பலனை வெப்பமானியில் தேடினால் சில சமயம் ஏமாற்றமே மிஞ்சும். 95 அப்படியே இருக்க, வாட்டும் வேகமும் ஏறியிருக்கும். திரவ உலோகம் பூசலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துத் தின்னும், சிந்தினால் மின்சாரத்தையும் கடத்தும்.

ஃபேனுக்கும் எல்லை உண்டு. பிராசசரும் கிராபிக்ஸ் சில்லும் சேர்ந்து 150 வாட் வெளியிடுகின்றன, காற்று உள்ளே போனதைவிட 25 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியே வருகிறது என்று கொண்டால், நொடிக்குச் சுமார் ஐந்து லிட்டர் காற்று கடந்தாக வேண்டும். அதை இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டிக்குள், உள்ளங்கையில் அடங்கும் இரு ஃபேன்களை வைத்துச் செய்கிறார்கள். இரைச்சல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்திவைத்தால், அடியில் காற்று போகும் வழி திறக்கிறது. செலவில்லாத இந்த வேலை தரும் பலனைப் பல கூலிங் பேடுகள் பெரிதாகத் தாண்டுவதில்லை. அறையின் சூடு வேறு. ஆப்பிள் தன் மடிக்கணினிகளுக்கு 35 டிகிரி வரைதான் உத்தரவாதமான சூழல் என்கிறது, வேறு பல நிறுவனங்களின் கையேட்டிலும் அதே எண். சித்திரை மாதத்துச் சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாத மாடி அறை அதைச் சாதாரணமாகத் தாண்டும். 24 டிகிரி அறையில் 95-ஐத் தொட 71 டிகிரி இடைவெளி இருக்கிறது, 38 டிகிரி அறையில் 57 தான். அதே லேப்டாப், அதே ஃபேன், ஆனால் வெளியேற்றக்கூடிய வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று.

உள்ளே நுழையும் பக்கத்துக்கு வருவோம். உச்சத்தை நெருங்க நெருங்க, கொஞ்சம் கூடுதல் வேகத்துக்கு நிறையக் கூடுதல் வோல்டேஜ் கேட்பது சிலிக்கானின் குணம். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்து, வோல்டேஜையும் பத்து சதவீதம் இறக்க முடிந்தால், 0.9-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: 0.73. வேகத்தில் பத்து போய், வெப்பத்தில் இருபத்தேழு போகிறது. கசிவு மின்சாரமும் வெப்பநிலையோடு ஏறுவது என்பதால், சில்லு ஆறினால் அதுவும் குறைந்து கணக்கு இன்னும் சாதகமாகும். அதாவது அந்தக் கடைசிப் பத்து சதவீத வேகம் கால் பங்குக்கும் மேலான சூட்டை விலையாகக் கேட்கிறது. இது தயாரிப்பாளர்களுக்குத் தெரியாத ரகசியமல்ல. 170 வாட் என்று குறிக்கப்பட்ட ரைசன் 9 7950எக்ஸ் சில்லுக்கு ஏஎம்டியே 105, 65 வாட்டுகளுக்கான சிக்கன முறையைக் கொடுத்திருக்கிறது. வாட் குறையும் அளவுக்கு வேகம் குறைவதில்லை என்பதால்தான் அப்படி ஒரு முறைக்கே அர்த்தம்.

காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. விளையாட்டு என்ற வேலையின் தன்மையில் அதற்குப் பதில் இருக்கிறது. படத்தொகுப்பு மாதிரி எல்லாக் கோர்களையும் முழுதாகப் பிழியும் வேலையில் பத்து சதவீதம் என்றால் பத்து சதவீதம்தான். பெரும்பாலான நவீன கேம்களிலோ காட்சியை வரையும் கிராபிக்ஸ் சில்லுதான் இழுபறி. பிராசசர் தன் பங்கை முடித்துவிட்டுக் காத்திருக்கிறது. அது இன்னும் சீக்கிரம் முடித்துக் காத்திருப்பதற்காகவா கால் பங்கு சூடு? மேலும் கேமிங் லேப்டாப்கள் பலவற்றில் இரண்டு சில்லுகளும் ஒரே ஹீட் பைப் கூட்டத்தையும் ஒரே அடாப்டரையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. என்விடியாவின் டைனமிக் பூஸ்ட், ஏஎம்டியின் ஸ்மார்ட்ஷிஃப்ட் ஆகியவை பிராசசர் விட்டுக்கொடுக்கும் வாட்டை கிராபிக்ஸ் பக்கம் திருப்பவே செய்யப்பட்டவை. பிராசசருக்கு 45 வாட் வரம்பு போட்டதும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறுவது முரண்போலத் தெரியும், ஆனால் அது இந்தப் பங்கீட்டின் நேரடி விளைவு. விதிவிலக்கும் உண்டு. நொடிக்கு முந்நூறு ஃபிரேம் துரத்தும் போட்டி விளையாட்டுகளில் பிராசசர்தான் தடை, அங்கே இந்த வாதம் அவ்வளவாக எடுபடாது.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தக் கணக்குப்படி பார்த்தால், சூடாகும்போது சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் மலிவான இழப்புதானே? 38 டிகிரி அறையில் ஐந்தில் ஒரு பங்கு வாட் போனாலும் வேகத்தில் ஏழு சதவீதம்தான் போகும், பிறகு ஏன் மெனக்கெட வேண்டும்? சராசரியை மட்டும் பார்த்தால் இது சரி. ஆனால் ஆடுபவரின் கண்ணுக்குச் சராசரி தெரியாது, தடுமாற்றம்தான் தெரியும். பல லேப்டாப்களில் இந்தக் குறைப்பு சீராக நடப்பதில்லை. வெப்பம் எல்லையைத் தொட்டதும் வேகம் சட்டென்று விழுகிறது, ஆறியதும் மறுபடி பாய்கிறது, மறுபடி விழுகிறது. மின்சாரத்தைச் சீராக்கும் சுற்றோ வெளிக்கூடோ சூடேறினாலும் இப்படி விழ வைக்கும் ஏற்பாடுகள் உண்டு. நொடிக்கு 90 ஃபிரேம் என்ற சராசரிக்குள் 30-க்கு விழும் தருணங்கள் ஒளிந்திருக்கலாம், எதிரி சுடுவதும் அப்போதாகவே இருக்கும். நாமே முன்கூட்டிப் போடும் வரம்பு சில்லை எல்லைக்குச் சற்றுக் கீழே, ஒரே வேகத்தில் நிறுத்துகிறது.

வரம்பு போடுவதில் எளிதானது ஃபிரேம் கட்டுப்பாடு. திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் 140 ஃபிரேம் வரைவது காட்டப்படாத படங்களுக்காகச் சூடேற்றுவது. பல கேம்களின் மெனுத் திரைகள் எந்தக் கட்டுப்பாடுமின்றி நூற்றுக்கணக்கில் ஓடுவது வேடிக்கை. 2021-இல் அமேசானின் நியூ வேர்ல்ட் விளையாட்டின் சோதனைப் பதிப்பில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டுகள் செத்துப்போயின. காரணம் குறிப்பிட்ட ஒரு தொகுதிக் கார்டுகளின் பற்றவைப்புக் குறை என்று கார்டு நிறுவனம் பின்னர் சொன்னது. ஆனாலும் அமேசான் அவசரமாகச் செய்த திருத்தம் மெனுத் திரைக்கு ஃபிரேம் வரம்பு போட்டதுதான். அடுத்து, லேப்டாப் நிறுவனத்தின் சொந்தச் செயலியில் இருக்கும் வாட் வரம்பு. அது இல்லாவிட்டால் விண்டோஸ் பவர் அமைப்புகளில் பிராசசரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவீதமாக்குவது பழகிய தந்திரம், பல இயந்திரங்களில் டர்போவையே அது அணைத்துவிடும். முரட்டு வைத்தியம்தான், 12700எச் போன்ற சில்லைப் பாதி வேகத்துக்கே இறக்கிவிடும். நுட்பமான வழி வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் சிறிது இறக்குவது. தயாரிப்பாளர் ஒரே மாடலின் மோசமான சில்லும் தடுமாறாதபடி வோல்டேஜைத் தாராளமாக வைக்கிறார், சராசரிச் சில்லுக்கு அதில் கொஞ்சம் உபரி. அதிகமாக இறக்கினால் கேம் முடங்கும், வன்பொருள் கெடாது. ஆனால் 2019 டிசம்பரில், பர்மிங்ஹாம், லூவன், கிராஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு, இதே வோல்டேஜ் வழியை வைத்து இன்டெல் சில்லின் பாதுகாப்பான பகுதியில் கணக்குப் பிழைகளை உண்டாக்கி ரகசியச் சாவிகளைக் கறக்கலாம் என்று காட்டியது. பிளண்டர்வோல்ட் என்று பெயர். அதன்பின் பல லேப்டாப்களில் இந்தக் கதவு பயாஸிலேயே பூட்டப்பட்டது. கேம் மட்டும் ஆடுபவருக்கு இது அநியாயமாகப் படலாம். பாதுகாப்புக்காக ஒரு நல்ல வைத்தியம் பலியானதில் எனக்கும் வருத்தமே.

95 டிகிரி ஆயுளைக் குறைக்காதா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. குறைக்கும். சில்லுக்குள்ளிருக்கும் மெல்லிய உலோக இழைகளின் அணுக்களை மின்னோட்டம் மெல்லத் தள்ளிக்கொண்டு போகிறது. மின்னோட்ட அடர்த்தியும் வெப்பநிலையும் ஏற ஏற இது வேகமெடுக்கும் என்பதை மோட்டோரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969-இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார். ஆனால் தயாரிப்பாளர்கள் அந்தக் கணக்கை வைத்தே எல்லையை நிர்ணயிக்கிறார்கள். அண்மையில் பிராசசர்கள் கூட்டமாகக் கெட்ட பெரிய சம்பவத்தில் முதல் குற்றவாளி வோல்டேஜ்தான். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள் கேம்களின் நடுவே முடங்கத் தொடங்கியபோது, அளவுக்கு மீறிய வோல்டேஜே காரணம் என்று நிறுவனம் 2024-இல் அறிவித்து, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. நுழையும் பக்கத்தைக் கட்டுப்படுத்துவது ஆயுளுக்கும் நல்லது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. சில்லைவிடச் சூட்டால் சீக்கிரம் வாடுவது அதன் பக்கத்தில் கிடக்கும் லித்தியம் பேட்டரி. முழுச் சார்ஜோடு செருகியபடியே சூட்டில் கிடந்தால் அதன் கொள்ளளவு வேகமாகச் சரியும், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அதற்குத்தான். தோலும் உண்டு. 44 டிகிரிச் சூடு மணிக்கணக்கில் படிந்தாலே தோல் புண்ணாகும் என்பது 1940-களிலேயே அளந்து பார்த்த உண்மை. 2010-இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். மாதக்கணக்கில் தினமும் சில மணி நேரம் லேப்டாப்பை மடியில் வைத்து விளையாடியதில் அவன் இடது தொடையில் வலைப்பின்னலாக நிறம் மாறியிருந்தது. பிராசசருக்கு உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தொடைக்குக் கிடையாது.

இவ்வளவு எளிய கணக்கைத் தயாரிப்பாளர்களே போட்டு, அடக்கமான வரம்போடு விற்கலாமே என்றால், சந்தை வேறு மாதிரி எண்ணைக் கேட்கிறது. சில நொடி மட்டுமே நிற்கும் உச்ச வேகம் பெட்டியில் அச்சாகிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகு நிற்கும் வாட் எங்கும் அச்சாவதில்லை. கிராபிக்ஸ் பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் நடந்தது. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 3080 என்ற ஒரே பெயரில் 80 வாட் லேப்டாப்பும் 150 வாட் லேப்டாப்பும் விற்றன. வாங்குபவர்கள் கூச்சலிட்ட பிறகு, அந்த வாட் அளவை விவரப் பட்டியலில் வெளியிடும்படி லேப்டாப் நிறுவனங்களை என்விடியா கேட்டுக்கொண்டது. பிராசசருக்கு அப்படி ஒரு வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே புதிதாக வாங்கப் போகிறவர் விமர்சனங்களில் தேட வேண்டியது, ஒரே காட்சியை அரை மணி நேரம் ஓட்டி முதல் நிமிட வாட்டையும் கடைசி நிமிட வாட்டையும் அருகருகே போட்ட ஒரு வரைபடம். கையில் ஏற்கெனவே இருக்கும் லேப்டாப்புக்கு அதே வரைபடத்தை இலவச அளவீட்டுச் செயலி ஒன்றை வைத்து வீட்டிலேயே எடுத்துவிடலாம், வாட் வரம்பு போடுவதற்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக.